சாஸ்திரியார் பாட்டுக்குக் காப்பிரைட் உண்டா? கீர்த்தனைப் புத்தகத்துப் பெயர்களின் பின்னணி

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையை (மத்தியான மூன்று மணி நேர ஆராதனை) யூடியூபில் நேரலையாகப் போடுவது பாளையங்கோட்டை தொடங்கி சாத்தான்குளம் வரை இப்போது சின்னச் சின்னச் சபைகளிலும் வழக்கமாகிவிட்டது. துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர்க் கோயில் ஆராதனையைப் பார்க்கட்டுமே என்றுதான் போடுகிறார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய் வாய் நனைப்பதற்குள் சேனலுக்கு ஒரு செய்தி வந்து நிற்கிறது: வீடியோவில் பதிப்புரிமைக்குட்பட்ட பாடல் இருக்கிறதாம், உரிமை கோருவது ஏதோ ஒரு கேசட் கம்பெனி. சபை வாட்ஸ்அப் குழுவில் அப்புறம் கேள்விகள் வரிசை கட்டும். "நம்ம பாட்டுக்கு நாமளே துட்டு கெட்டணுமாய்யா?" என்பதுதான் எல்லாவற்றிலும் நியாயமான கேள்வி.

சுருக்கமான பதில், பெரும்பாலும் கட்ட வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம், எந்தப் பாட்டுக்கு வேண்டாம், எதில் சிக்கல் வரும் என்று தெரிய வேண்டுமென்றால் அந்தப் பாட்டை யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், எப்போது இறந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். நாற்பது வருஷம் ஒரு பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறவர்களுக்கும் அதை எழுதியவர் பெயர் தெரியாது.

ஒரு பாட்டு, நாலு சொத்து

சட்டத்தின் கண்ணில் 'பாட்டு' என்று ஒற்றைப் பொருள் கிடையாது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைப் பிரித்துத்தான் பார்க்கிறது.

1. சொல். பாட்டின் வரிகள் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வரும். எழுதியவர் உயிரோடிருக்கும் வரையும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரையும் உரிமை இருக்கும்.

2. மெட்டு. இது இசைப் படைப்பு, சொல்லோடு சேராது. மெட்டுப் போட்டவருக்கும் அதே 60 ஆண்டுக் கணக்கு.

3. இசை அமைப்பு. பழைய மெட்டுக்கு ஒருவர் புதிதாக நான்கு குரல் பிரித்து, கிதாரும் கீபோர்டும் சேர்த்து அமைத்தால் அந்த அமைப்பில் அவர் புதிதாகச் சேர்த்தது அவருடையது. அடியில் கிடக்கிற பழைய மெட்டு அதனால் அவருடையதாகிவிடாது.

4. ஒலிப்பதிவு. கேசட், சிடி, இணையத்தில் ஏற்றிய கோப்பு எல்லாம் இதில் சேரும். உரிமை தயாரித்தவருக்கு. வெளியிட்ட ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்.

1960-ல் ஒரு பாட்டுக்காரர் இறந்தார் என்றால் 2020 முடிவோடு அவர் பாட்டு பொதுச் சொத்து. 1970-ல் இறந்தவர் என்றால் 2030 முடிகிற வரை வாரிசுகளுக்கோ, அவர்கள் எழுதிக் கொடுத்தவர்களுக்கோ உரிமை உண்டு. பெயரே இல்லாமல் வெளியான பாட்டுக்கு முதலில் அச்சான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே கேசட் கம்பெனி 'இது என்னுடையது' என்று சொல்லும்போது இந்த நாலில் எதைச் சொல்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

'இரத்தம் காயம் குத்தும்' யாருடையது?

பெரிய வெள்ளிக்கு இந்தப் பாமாலையை (மேனாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு) பாடாத பழைய சபை நம் பக்கம் இருக்காது. ஆர்கன்காரர் மெதுவாக இழுக்க, முன்வரிசைப் பாட்டிமார் புத்தகத்தைத் திறக்காமலே பாடுவார்கள். இதற்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மூலம் லத்தீன். வெகுகாலம் புனித பெர்னார்டு என்ற துறவி எழுதியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது 13-ஆம் நூற்றாண்டுத் துறவி லூவன் நகரத்து ஆர்னுல்ஃப் என்கிறார்கள். 1656-ல் அதை ஜெர்மனில் பாடியவர் பவுல் கெர்ஹார்ட். ஐந்து பிள்ளைகளில் நாலு பேரைப் பறிகொடுத்தவர். கொள்கைத் தகராறில் அரசருக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று நின்றதால் 1666-ல் பெர்லின் குருவானவர் வேலையையும் இழந்தார். சரி, மெட்டு? அதைப் போட்டவர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர். 1601-ல் அது ஒரு காதல் பாட்டின் மெட்டு! ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கிக் கிடக்கிறவன் பாடுகிற பாட்டு. இதைச் சொன்னால் நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். பிற்பாடு ஜெர்மன் இசைமேதை பாக் அதே மெட்டைத் தன் பாடுகளின் இசைநாடகத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்.

அப்புறம் தமிழ். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் ஆரம்பித்தது. அதில் பெரிய பங்கு சென்னையில் ஊழியம் செய்த பிலிப் பாப்ரீசியுஸுக்கு. தமிழ்-ஆங்கில அகராதி போட்டார், வேதாகமத்தைத் திரும்ப மொழிபெயர்த்தார், ஞானப்பாட்டுகளை நூற்றுக்கணக்கில் தமிழாக்கினார். பணக் கணக்கு மட்டும் அவருக்கு வரவில்லை. கொடுக்கல் வாங்கலில் சிக்கி முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தவர், 1791-ல் இறந்தார்.

ஆக, இந்தப் பாட்டின் சொல்லும் மெட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. யாராவது உரிமை கேட்டால் அது நாலாவது சொத்துக்கு, அதாவது அவர்கள் பதிவு செய்த குரலுக்கு மட்டும்தான் இருக்க முடியும்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லிவிடுகிறேன், விஷயத்தோடு ஒட்டுகிறது. 'ஓல்டு ஹண்ட்ரட்' என்ற மெட்டு ஆர்கன் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். 1551-ல் ஜெனீவாவில் வந்த சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது, லூயி பூர்ஷ்வா போட்டது என்று கொள்கிறார்கள். அதே 1551 டிசம்பரில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். குற்றம், ஜனங்கள் பாடிப் பழகிய மெட்டுகளை அனுமதி வாங்காமல் மாற்றியது. கால்வின் தலையிட்டுத்தான் வெளியே வந்தார். கோயில் பாட்டுக்கு லைசென்ஸ் கேட்பது நம் காலத்துப் புதுமை ஒன்றுமில்லை.

பாமாலை வேறு, கீர்த்தனை வேறு

உரிமைக் கணக்கில் இந்த வித்தியாசம் முக்கியம். பாமாலையில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 8, 7, 8, 7 என்பது போல எண்கள் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் எத்தனை அசை என்ற கணக்கு அது. அதே கணக்குள்ள எந்த மெட்டிலும் அந்தப் பாட்டைப் பாடலாம். மெட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி வைக்கப்பட்டது, ஆகையால் பாளையங்கோட்டையில் பாடினாலும் ஜெர்மனியில் பாடினாலும் அதிகம் மாறாது.

கீர்த்தனையில் ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று இருக்கும். 'சங்கராபரணம், ரூபக தாளம்' என்று மேலே போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பது வாய்வழிப் பாடம். உபதேசியார் பாடக் கேட்டு, பள்ளிக்கூட வாத்தியார் பாடக் கேட்டு, விடியற்காலைப் பஜனைப் பவனியில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் நடந்து பழகியதுதான் மெட்டு. இதனால்தான் ஒரே கீர்த்தனையைத் திருநெல்வேலியில் ஒரு விதமாகவும் நாகர்கோவிலில் ஒரு விதமாகவும் இழுக்கிறோம். புத்தகத்தில் பைரவி என்று போட்ட பாட்டு கோயிலுக்குள் வேறு எதுவாகவோ ஒலிப்பதும் உண்டு, சங்கீதம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மெட்டைப் போட்டது ஊர்தான் என்று ஆகிவிட்ட பிறகு, அதை ஒரு கம்பெனி தன்னுடையது என்று சொல்வது செல்லாது.

நம் ஊர்ப் பையன் தஞ்சாவூர்க் கவிராயர் ஆன கதை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வேதநாயகம் என்ற பெயரில் இரண்டு பேர். சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதிய முன்சீப் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், திருச்சிப் பக்கத்துக்காரர். கோயிலில் நாம் பாடுகிற கீர்த்தனைகளின் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வேறு ஆள், திருநெல்வேலிக்காரர். வாட்ஸ்அப்பில் வரும் 'பாடல் பிறந்த கதை'களில் பாதி இந்த இருவரையும் ஒருவராக்கிவிடுகின்றன.

சாஸ்திரியாரின் தகப்பனார் அருணாசலமாகப் பிறந்து கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை. பாளையங்கோட்டையில் 1780-ல் பதிவான முதல் சபைப் பட்டியலில் மொத்தமே 40 பேர். அங்கே கிளாரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண்மணி கட்டிய கோயிலைப் பிரதிஷ்டை செய்ய 1785-ல் வந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்தான் பன்னிரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்த பையனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பிற்காலத்து மன்னர் சரபோஜியும் சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர், அந்தச் சிநேகம் கடைசிவரை இருந்தது.

1800-ல் வந்த பெத்லகேம் குறவஞ்சியைப் படித்துப் பார்த்தால் திருநெல்வேலி அந்த மனிதரை விட்டுப் போகவில்லை என்பது தெரியும். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள், இங்கே தேவமோகினி பெத்லகேம்நாதரைக் கண்டு மயங்குகிறாள். குறி சொல்ல வருகிற குறத்தி, பறவை பிடிக்கிற சிங்கன் எல்லாரும் அப்படியே வருகிறார்கள், பிடிபடுகிற பறவைகள் மட்டும் மனித ஆத்துமாக்கள் ஆகிவிடுகின்றன. தென்காசிச் சீமையில் கேட்டுப் பழகிய ஒரு காதுதான் இதை எழுதியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

'இயேசுவையே துதிசெய் நீ மனமே' பாட்டைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சிவனான பெருவுடையார் மேல் பாட வேண்டும் என்று மன்னர் சரபோஜி கேட்டாராம், சாஸ்திரியார் வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டோடு திரும்பி வந்தாராம். கதை எவ்வளவு சரியோ, பாட்டு அவருடையது.

இதைவிடக் கவனிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு, மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். 1820-களில் வந்த புதிய மிஷனரிமாரோடு அவருக்குக் கடும் சண்டை. அவர் எழுதிவைத்த குறைகளில் நாலு முக்கியம்: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள், பண்டிகை அலங்காரத்துக்குப் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலில் பாட விடமாட்டேன் என்கிறார்கள். இதில் சாதி விஷயத்தில் சாஸ்திரியார் நின்ற பக்கம் தவறு, அதில் சுற்றி வளைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் நாலாவது குறையைப் பாருங்கள். இன்றைக்கு எந்தப் பாட்டுகளை நம் பாரம்பரியம் என்கிறோமோ, அவை அன்றைக்குக் கோயிலுக்குள் வரத் தகாத பாட்டுகள். மிஷன் வேலையும் போய், அரண்மனை ஆதரவில்தான் அவர் பிற்பாடு காலம் தள்ளினார்.

அதே கீர்த்தனைகளைத் தேடிப் போய் வாங்கி 1853-ல் அச்சடித்தவர் இன்னொரு மிஷனரி, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப். நம் கையிலிருக்கும் கீர்த்தனைப் புத்தகத்துக்கு மூதாதை அந்தத் தொகுப்புதான். சாஸ்திரியார் அப்போது எண்பதை நெருங்கியிருந்தார்.

கரையிருப்புக்காரரின் தேவாரம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை இரட்சணிய யாத்திரிகம் எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 1827-ல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணம் வீட்டில் புழங்கிய புத்தகம். 1853-ல் சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலைக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே சில வருஷம் மதம் மாறாமல் இருந்தவர், 1858 ஏப்ரலில் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். வீட்டிலும் உறவிலும் அதன் விளைவு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் புத்தகமாக வந்தது, 1900-ல் இறந்தார்.

கோயிலில் நாம் பாடுகிற 'சத்தாய் நிஷ்களமாய்' அவருடையது. ஒவ்வொரு சரணமும் 'அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை ஆருறவே' என்பது போல முடியும். சுந்தரர் திருமழபாடியில் பாடிய தேவாரத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: 'அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே.' நடையும் ஏக்கமும் அதேதான். சத்து, சித்து, ஆனந்தம் என்பதை எடுத்துத் திரித்துவத்துக்கு வைத்திருக்கிறார். நிஷ்களம் என்றால் உருவமற்றது, சைவ நூல்களில் புழங்கும் சொல். பிறந்த வீடு வைணவம், வாங்கிக்கொண்ட நடை சைவம், பாடியது கிறிஸ்துவை. அர்த்தம் தெரியாமலே பாடுகிற பல பேருக்கும் கண் கலங்குவதற்குக் காரணம் அந்த நடைதான்.

புத்தகத்து ஓரத்தில் இருப்பவர்கள்

இவர்கள் இருவராவது பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள். உக்கிரன்கோட்டையில் 1810-ல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பனை இன்று சகோதர சபைக்காரர்கள் தவிர யாருக்கும் தெரியாது. மிஷனரி ரேனியஸ் ஐயரின் பள்ளியில் படித்தவர். அப்புறம் மிஷன் சம்பளமே வேண்டாம் என்று சகோதர சபை மிஷனரி ஆண்டனி குரோவ்ஸ் வழியில் போய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலில் அவருக்குப் பெரிய பங்கு. பாட்டுகளும் கட்டினார், 1867-ல் இறந்தார்.

சுரண்டைப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859-ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் கதை நேர்மாறு. சங்கீத உலகத்துக்கு அவரைத் தெரியும், கோயில் உலகம்தான் மறந்துவிட்டது. திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி, தஞ்சாவூரில் வாத்தியார் வேலை, அதையும் விட்டுச் சித்த மருத்துவம். மருந்து விற்ற பணத்தைச் சங்கீத ஆராய்ச்சியில் கொட்டினார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, தன் கைக்காசில் மாநாடுகள் நடத்தினார். ஸ்தாயிக்கு 22 சுருதி (நுண்ணிய ஸ்வர நிலைகள்) என்று எல்லாரும் சொன்னபோது இல்லை, 24 என்று வாதாட 1916-ல் பரோடா மாநாட்டுக்குப் பெண்மக்களையும் அழைத்துப் போனார். அவர்கள் வாசித்துப் பாடிக் காட்டினார்கள். 1917-ல் வந்த கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். அத்தனைக்கும் நடுவில் கிறிஸ்தவக் கீதங்களும் எழுதி ஸ்வரத்தோடு அச்சிட்டார். 1919-ல் இறந்தார். ஸ்வரத்தோடு எழுதிக் கொடுத்தவர் பாட்டைத்தான் நாம் அதிகம் பாடுவதில்லை என்பது வேடிக்கை.

பெயர்கள் எப்படித் தொலைந்தன

1. பாட்டு காது வழியே வந்தது. கற்றுக்கொடுத்த பைபிள் உமனும் (வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த பெண் ஊழியர்) உபதேசியாரும் முதல் வரியைச் சொன்னார்களே தவிர எழுதியவரைச் சொல்லவில்லை. அவர்களே கட்டிய பாட்டுகளுக்கும் அதே கதி.

2. புத்தகம் கமிட்டியால் ஆனது. ஒவ்வொரு பதிப்பிலும் சரணம் குறையும், சொல் மாறும். அடியில் ஒரு பெயரோ தலைப்பெழுத்தோ மிஞ்சினால் அதிர்ஷ்டம். பழைய பிரதிகளில் முதலில் கிழிவது பெயர் அட்டவணை இருக்கிற கடைசிப் பக்கங்கள்.

3. கேசட் வந்தது. உறையில் பாடியவர் படம் பெரிதாக இருக்கும். எழுதியவர் இடத்தில் 'பாரம்பரியம்' என்றிருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடம்தான் இணையத்துக்கு வரும்போது கம்பெனி பெயரால் நிரம்பியது.

இனி அந்த நோட்டீசுக்கு வருவோம்

கோயிலுக்குள் ஆராதனையில் பாடுவதைப் பற்றிப் பயமே வேண்டாம். உண்மையான மதச் சடங்கின் பகுதியாகப் பாடுவது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. அதே வீடியோ வருஷக்கணக்கில் சேனலில் கிடப்பதற்கும் அது பொருந்துமா என்பது தனி வாதம். யூடியூப் அனுப்புகிற செய்தி கோர்ட் நோட்டீசும் அல்ல. கம்பெனிகள் ஏற்றி வைத்திருக்கிற ஒலிக்கோப்புகளோடு உங்கள் ஒலியை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது, மெட்டு ஒத்துப்போனாலும் பிடித்துவிடும். கெர்ஹார்ட் எப்போது இறந்தார் என்று அதற்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. வந்திருப்பது கிளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று பாருங்கள். கிளெய்ம் என்றால் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம், வீடியோ சில நாடுகளில் தெரியாமல் போகலாம். சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் வேறு, அது உரிமை மீறலுக்காகச் சேனல் மேல் விழும் எச்சரிக்கை, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

2. எந்த நிமிஷத்தில் எந்தப் பாட்டு என்று காட்டும். அந்த இடத்தில் யாராவது கேசட்டையோ கரோக்கி டிராக்கையோ ஓடவிட்டிருந்தால் கிளெய்ம் சரியானது, அதை வெட்டிவிடுங்கள். புதுப் பாட்டு என்றால் எழுதியவரிடம் கேட்டுவிடுவது மரியாதையும்கூட.

3. சபையாரே பாடிய பழைய பாட்டு என்றால் மறுப்புத் தெரிவியுங்கள். காரணத்தில் விவரமாக எழுதுங்கள்: சொல் கிருஷ்ணபிள்ளை, இறந்தது 1900, மெட்டு வாய்வழி, பாடியது எங்கள் சபை, வாசித்தது எங்கள் ஆர்கன்காரர். வெறுமனே 'இது எங்கள் பாட்டு' என்றால் எடுபடாது.

4. அடுத்த முறை வீடியோவுக்குக் கீழே இருக்கிற விவரப் பகுதியில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.

மறுப்புக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் பதில் இல்லையென்றால் கிளெய்ம் தானாக விழுந்துவிடும். பெரிய வெள்ளியன்று சாயங்காலமே போட்டுவிட்டால் பரமேறுதல் பண்டிகைக்கு (ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள்) முன்னால் ஒரு முடிவு தெரிந்துவிடும்.